பழைய கிட்டாரின் பிரெட்டுகள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்களில் எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் கைமாறிய கிட்டாரிலேயே பழகியவர்கள். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணன் கொண்டுவந்தது, தேவாலயப் பாடகர் குழு புதியது வாங்கியபோது ஒதுக்கிவைத்தது, தோட்டத்து லயன் வீட்டின் அடுப்படிச் சுவரில் பல வருடம் ஆணியில் தொங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கும். அப்படி வந்த கிட்டாரை முதன்முதலில் மடியில் வைத்து வாசிக்கும்போது எழும் குறைகள் பெரும்பாலும் பிரெட்டில் கேட்கும். ஆனால் குறையின் வேர் எப்போதும் பிரெட்டில் இருப்பதில்லை. அழுக்கு, தந்தியின் வயது, கழுத்தின் வளைவு, காற்றின் ஈரம் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும்வரை அரத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்பதே இந்த வழிமுறையின் ஒழுங்கு. அரத்தால் எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

வீணையில் மெட்டு என்று சொல்வதுதான் கிட்டாரில் பிரெட். வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால் மெழுகை இளக்கி அவற்றை நகர்த்தவும் உயர்த்தவும் முடியும். கிட்டாரின் பிரெட்டோ, கழுத்தின் மேல் விரல் பதியும் விரற்பலகையில் அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறுக்கிய கம்பி. பெரும்பாலான கிட்டார்களில் அந்தக் கம்பி நிக்கல் சில்வர் என்ற கலப்புலோகத்தால் ஆனது. பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவையே உண்டு, அவற்றிலும் செம்பே அதிகம். வியர்வையும் மூடுபனியும் சேர்ந்தால் பிரெட்டு பச்சை பூப்பதற்கு அந்தச் செம்புதான் காரணம்.

சுத்தம் செய்வதற்குக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. மாஸ்கிங் டேப், நான்கு பூச்சிய எண்ணுள்ள மிக நுண்ணிய ஸ்டீல் வூல் என்ற இரும்பு இழைப் பஞ்சு, 1000 மற்றும் 2000 எண்ணுள்ள வாட்டர் பேப்பர் என்ற அரத்தாள், பழைய பருத்தித் துணி, மென்மையான பல் துலக்கி, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம் ஒரு சிறிய டப்பா, கொஞ்சம் தென்னை ஈர்க்கு ஆகியவை போதும். லைட்டர் திரவம் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் இந்த வேலையை அடுப்படியிலிருந்து விலகி, கதவு ஜன்னல் திறந்த இடத்தில் செய்ய வேண்டும். குளிர் விறைக்கிறது என்று கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது.

பிரெட்டுகள் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்து, தந்தியை வளைக்கும்போது மணலில் இழுப்பது போல உரசுகிறது

இது குறைகளில் இலகுவானது. தந்தியை மெல்லியதிலிருந்தும் பிரெட்டைத் தலைப்பக்கத்திலிருந்தும் எண்ணி, இரண்டாவது தந்தியை ஏழாவது பிரெட்டில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய தந்தி கரகரவென்று தடுக்கினால், பிரெட்டின் தலையில் களிம்பு படிந்திருக்கிறது, அல்லது முன்பு யாரோ முரட்டு அரத்தாளால் குறுக்கே தேய்த்துக் கீறல்களை விட்டிருக்கிறார்கள்.

தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து முறிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மணி நேர வேலைக்குக் கழற்றுவதால் எந்தக் கிட்டாருக்கும் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தந்தியில்லாமல் போட்டுவைப்பதுதான் நல்லதல்ல. கழற்றியபின் ஒலித்துளையைக் கடதாசியால் மூடி டேப் ஒட்டுங்கள். மின் கிட்டாராக இருந்தால் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளை முழுவதுமாக மூடியே ஆக வேண்டும், ஏனெனில் அவற்றிலுள்ள காந்தம் ஸ்டீல் வூலின் இழைகளை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், பிறகு அவற்றை வெளியே எடுப்பது பெரும்பாடு. அதன்பின் ஒவ்வொரு பிரெட்டின் இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, உலோகம் மட்டும் ஒரு கோடாக வெளியே தெரியும்படி செய்யுங்கள். இருபது பிரெட்டுக்கும் டேப் ஒட்டுவது சலிப்பான வேலைதான். ஆனால் டேப் இல்லாமல் தேய்த்த விரற்பலகையில் பிரெட்டை ஒட்டி விழும் கீறல்கள் பிறகு போகவே போகா.

ஸ்டீல் வூலை விரல் நுனியளவு கிள்ளி எடுத்து, பிரெட்டின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். தந்தியை வளைக்கும்போது அது நகர்வதும் அதே திசையில்தான் என்பதால், எஞ்சும் நுண்கீறல்களும் அதே திசையில் இருந்தால் தந்திக்குத் தடை தெரியாது. பத்துப் பதினைந்து முறை தேய்த்தவுடன் கறுப்பு விலகி, முதலில் மங்கலான சாம்பல் நிறமும் பிறகு கண்ணாடி போன்ற பளபளப்பும் வரும். களிம்பு கெட்டியாக இருந்தால் மட்டும் 1000, அதன்பின் 2000 என்று வாட்டர் பேப்பரைப் பயன்படுத்திவிட்டு ஸ்டீல் வூலுக்கு வரலாம். குத்துவிளக்குத் துலக்கும் பிராசோவைப் பிரெட்டில் பூசுபவர்களும் உண்டு. அது உலோகத்தை மினுக்கும் என்பது உண்மை. டேப்பின் இடுக்கு வழியாக மரத்தின் நரம்புக்குள் போனால் வெள்ளைப் பொடியாக உறைந்துவிடும் என்பதும் உண்மை. நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

முடிந்தபின் உதிர்ந்த இழைகளை விடாமல் எடுக்க வேண்டும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு விரற்பலகைக்கு மேலாக மெல்ல நகர்த்தினால், மயிர்போன்ற இழைகள் எழுந்து பையில் ஒட்டிக்கொள்ளும்; பையைப் புரட்டி உதறினால் காந்தமும் சுத்தமாக இருக்கும். நமது காற்றின் ஈரத்தில், மரத்தின் நரம்பில் தங்கிய ஓர் இழைகூடச் சில நாட்களில் துருவேறி ஒரு பழுப்புப் புள்ளியாகிவிடும்.

பிரெட்டின் ஓரத்தில் கெட்டியான கறுப்பு அழுக்கு சேர்ந்திருக்கிறது

வியர்வை, தோலின் உதிரல், அடுப்புப் புகையின் கரி, கையில் இருந்த தேங்காய் எண்ணெய் ஆகிய எல்லாம் சேர்ந்து, பிரெட்டும் மரமும் சந்திக்கும் மூலையில் பிசின் போல உறைந்திருக்கும். ஈர்க்கின் நுனியைச் சாய்வாகச் சீவி, அந்த மூலையில் வைத்து இழுத்தால் அது சுருள் சுருளாக வரும். ஊசியோ சவர அலகோ வேண்டாம், ஈர்க்கு மரத்தைக் கீறாது. மிச்சத்துக்கு லைட்டர் திரவத்தில் சிறிது நனைத்த துணியும் பல் துலக்கியும் போதும். சவர்க்கார நீரை ஊற்றிக் கழுவ வேண்டாம்.

துடைக்கும் துணி விடாமல் கறுப்பாகிக்கொண்டே வந்தால் ஒரு கணம் நிறுத்துங்கள். விலை குறைந்த கிட்டார்கள் சிலவற்றில் விரற்பலகை வெளிறிய மரமாக இருந்து, கருங்காலி போலத் தெரிவதற்காகச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். கடைசிப் பிரெட்டுக்கு அப்பால், கை படாத மூலையில் துடைத்துப் பாருங்கள். அங்கும் கறுப்பு வந்தால் அது சாயம். திரவத்தை விட்டுவிட்டு உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உண்மையான கருங்காலிக்கும் ஈட்டி மரத்துக்கும் அந்தப் பயம் இல்லை. கருங்காலி இலங்கைக் காடுகளில் வளரும் மரமே. அதன் வகைகளில் ஒன்றை உலகச் சந்தையில் சிலோன் எபொனி என்றே அழைப்பார்கள்.

சுத்தம் செய்தபின் வார்னிஷ் பூசாத விரற்பலகைக்கு, இசைக்கருவிக் கடையில் எலுமிச்சை எண்ணெய் என்ற பெயரில் விற்கும் எண்ணெயை நான்கைந்து துளி விட்டுப் பரப்பி, ஐந்து நிமிடத்தில் முழுவதும் துடைத்து எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். அவை நாளடைவில் சிக்கெடுத்துப் பிசுபிசுத்து, நீங்கள் சுரண்டி எடுத்த அதே அழுக்கை மறுபடியும் கூட்டும். மேப்பிள் மரத்தின் மேல் வார்னிஷ் பூசிய வெளிர்நிற விரற்பலகைக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

தந்தி ஜிர்ரென்று இரைகிறது

பழைய கிட்டாரில் அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். இரைச்சல் கேட்டவுடன் பிரெட்டைக் குற்றம் சொல்லாமல், அது எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று தந்தி தந்தியாக, பிரெட் பிரெட்டாக வாசித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளே பாதிப் பழுதை நீக்கிவிடும்.

எந்தப் பிரெட்டையும் அழுத்தாத வெறுந்தந்தி மட்டும் இரைந்தால், குற்றம் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற சிறு கட்டையில் இருக்கிறது. தந்தி அமரும் பள்ளத்தில் சிறு கடதாசித் துண்டை மடித்து வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பள்ளம் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது, பிரெட்டுகள் நிரபராதிகள்.

முதல் ஐந்து பிரெட்டுகளுக்குள் எல்லாத் தந்தியும் இரைந்தால் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். ஆறாவது தந்தியை முதல் பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆறு அல்லது ஏழாவது பிரெட்டுக்கு மேலே தந்திக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு, அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீற்றர், இருந்தால் கழுத்து சரி. இடைவெளியே இல்லாமல் தந்தி பிரெட்டில் படிந்திருந்தால் கழுத்து பின்புறமாக வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ரொட் என்ற கம்பியை, அலன் கீ என்ற அறுகோணச் சாவியால் இடஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். வலஞ்சுழி இறுக்கம், இடஞ்சுழி தளர்வு. ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். அசைய மறுப்பதை முறுக்காதீர்கள். நைலோன் தந்தி போட்ட பல கிட்டார்களில் இந்த ரொட் இருக்காது.

இந்த இரண்டும் இல்லாமல், குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் இரைச்சல் கேட்டால்தான் பிரெட்டின் பக்கம் வருகிறோம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தாவது பிரெட் மற்றவற்றைவிட உயர்ந்திருந்தால், நான்கை அழுத்தும்போது தந்தி ஐந்தில் மோதி இரையும், மூன்றை அழுத்தும்போதும் இரையக்கூடும். ஐந்தையே அழுத்தினால் சுத்தமாக ஒலிக்கும். மாறாக நான்காவது பிரெட் பள்ளமாகத் தேய்ந்திருந்தால், நான்கை அழுத்தும்போது மட்டும் இரையும், மூன்றும் ஐந்தும் சுத்தமாக இருக்கும். இரண்டு சந்தர்ப்பத்திலும் விரல் நான்கில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றில் குற்றவாளி அடுத்த வீட்டுக்காரன், மற்றதில் அந்த வீட்டுக்காரனே.

உயர்ந்த பிரெட்டை உறுதிசெய்ய, மூன்று பிரெட்டுகளை மட்டும் தொடும் நீளத்தில் நேரான ஓரமுள்ள ஒரு துண்டு வேண்டும். உடைந்த இரும்பு அடிமட்டத்தின் துண்டு நல்லது. அவசரத்துக்கு, எழுத்துப் புடைப்பில்லாத பழைய வங்கி அட்டை உதவும். அதன் நீளம் ஏறத்தாழ 86 மில்லிமீற்றர், அகலம் 54 மில்லிமீற்றர் என்பதால், தலைப்பக்கத்துப் பிரெட்டுகளுக்கு நீள ஓரத்தையும், ஏழாவது பிரெட்டுக்கு மேலே அகல ஓரத்தையும் பயன்படுத்தலாம். நடுவிலுள்ள பிரெட் உயர்ந்திருந்தால் துண்டு ஊஞ்சல் பலகை போல டக்டக்கென்று ஆடும். ஒவ்வொரு தந்தியின் பாதையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பிரெட் ஒரு முனையில் மட்டும் எழுந்திருப்பது சாதாரணம்.

துண்டு ஆடியது என்பதற்காக உடனே தேய்க்கக் கூடாது என்பதை நான் நட்டப்பட்டே கற்றேன். எனது முதல் கிட்டாரில் பன்னிரண்டாவது பிரெட் ஆடியது. ஒரு மழைநாள் மாலையில் பொறுமையாக அதன் தலையை அரத்தால் தேய்த்து, துண்டு ஆடாமல் இருக்கும்வரை இறக்கினேன். சில மாதங்களின் பின் அதே பிரெட்டை அழுத்தினால் தந்தி செத்த ஒலி எழுப்பியது. பிரெட் உண்மையில் உயரமானதல்ல, பள்ளத்திலிருந்து தளர்ந்து எழுந்திருந்தது. பிறகு அது தானாகக் கீழே அமர்ந்துவிட்டபோது நான் தேய்த்த அளவு பள்ளமாகிவிட்டது.

ஆகவே முதலில் தளர்வைச் சோதியுங்கள். சாப்பிடும் மரக்குச்சி அல்லது மூங்கில் துண்டின் முனையால் பிரெட்டின் இரு முனைகளையும் நடுவையும் அழுத்திப் பாருங்கள்; நக இடுக்கில் தெரியும் அளவுக்கு அது கீழே போய் மேலே வந்தால் தளர்ந்திருக்கிறது. கழுத்துக்கு அடியில், பிரெட்டுக்கு நேர்கீழே ஒரு சிறிய அரிசிப் பையை அணையாக வைத்து, மரச் சுத்தியலால் அல்லது பிளாஸ்ரிக் தலைச் சுத்தியலால் முனைகளிலிருந்து நடுவை நோக்கிச் சிறு தட்டுகளாகத் தட்டினால் பெரும்பாலும் அமர்ந்துவிடும். அமர்ந்தபின்னும் எழுந்தால், இருபக்கமும் டேப் ஒட்டி, தண்ணீர் போல ஓடும் சுப்பர் குளூவை ஈர்க்கின் நுனியால் தொட்டு இடுக்கில் ஒரே ஒரு துளி விட்டு, பிரெட்டை அழுத்திப் பிடியுங்கள். இந்தப் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது என்பதால் நமது பக்கத்தில் சற்று விரைவாகவே பிடித்துக்கொள்ளும். அழுத்துவது மரத்துண்டாக இருக்கட்டும், விரலாக வேண்டாம்.

நன்கு அமர்ந்து, இறுகி, அதன்பின்னும் துண்டு ஆடினால் மட்டும் தேய்க்கலாம். பிரெட்டின் தலையில் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஆடும் இடத்தில் மட்டும் மிக நுண்ணிய அரத்தை இரண்டு மூன்று முறை ஓட்டி, மறுபடியும் சோதிக்க வேண்டும். தட்டையாகிப்போன தலையை இருபக்கமும் சரித்து மறுபடியும் வளைவாக்கி, வாட்டர் பேப்பரும் ஸ்டீல் வூலும் கொண்டு மினுக்கி முடிக்க வேண்டும். தலை தட்டையாகவே விடப்பட்டால் தந்தி எந்தப் புள்ளியில் நிற்பதென்று தெரியாமல் சுருதி பிசகும். எல்லாப் பிரெட்டுகளையும் ஒருசேரச் சமப்படுத்தும் வேலையை முதல் கிட்டாரில் முயல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்; அதற்கு நேர்ச்சட்டமும் பழகிய கையும் வேண்டும்.

முதல் மூன்று பிரெட்டுகளில் தந்தி பதிந்த குழிகள் தெரிகின்றன

பாடகர் குழுவில் உழைத்த கிட்டார்களின் முத்திரை இது. சி, ஜி, டி என்று அதே கோர்டுகளை வருடக்கணக்கில் பிடித்ததால், மெல்லிய தந்திகளின் கீழ் ஓடை போன்ற குழிகளும், சுற்றுக்கம்பித் தந்திகளின் கீழ் அரத்தால் அராவியது போன்ற வரிகளும் விழுந்திருக்கும். நைலோன் தந்தி இப்படி அரிப்பது குறைவு. நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது மெல்லத் தடுக்கினாலும் ஒலி சுத்தமாக இருந்தால் அப்படியே வாசியுங்கள். அந்தப் பிரெட்டில் மட்டும் ஒலி மங்கியோ இரைந்தோ வந்தால் சமப்படுத்தல் வேண்டும். பிரெட்டின் உயரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்திருந்தால் சமப்படுத்த மிச்சமில்லை, பிரெட்டை மாற்றுவதே வழி. அதற்கான கூலி கிட்டாரின் விலையைத் தாண்டுமானால், அதில் பழகுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் பிரெட் முனைகள் குத்துகின்றன

பிரெட் வளர்வதில்லை, மரம் சுருங்குகிறது. காற்று உலரும்போது விரற்பலகை அகலவாக்கில் ஒடுங்க, ஒடுங்காத உலோகத்தின் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். ஈரமே ஆட்சி செய்யும் மலைநாட்டில் இது எப்படி வரும் என்று கேட்கலாம். அடுப்புக்கு மேலே தொங்கிய கிட்டாருக்கு வரும், குளிரூட்டிய அறையில் இருந்து வந்ததற்கும் வரும். இன்னொன்று, தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டனையும் தலவாக்கலையையும் நனைத்துக்கொண்டிருக்கும் அதே ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், மலையின் மறுபக்கத்தில் ஊவா காய்ந்து கிடக்கும். எங்கள் உறவினர் ஒருவர் ஓகஸ்ட் மாதத்தில் ஹட்டனிலிருந்து ஊவாவிலுள்ள பண்டாரவளைக்குக் கொண்டுபோன கிட்டார் இரண்டே வாரத்தில் கையைக் கீறத் தொடங்கியது, கூடவே மேற்பலகை சற்று அமிழ்ந்து தந்தி தாழ்ந்ததால் இரையவும் செய்தது. மழைக் காலத்தில் ஹட்டனுக்குத் திரும்பியபோது இரண்டும் தாமாகவே மறைந்தன.

எனவே முனைகளை அராவுவதற்கு முன், கிட்டாரை அதன் பெட்டிக்குள், துளையிட்ட சவர்க்காரப் பெட்டியில் நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சோடு இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வீத ஈரப்பதமே கிட்டாருக்கு உகந்தது. அதற்குப் பிறகும் குத்தினால், ஓரத்தில் டேப் ஒட்டி, நுண்ணிய அரத்தைச் சாய்வாகப் பிடித்து முனையை மட்டும் மழுக்கலாம். மேற்குச் சரிவில் வாழ்பவர்களுக்குத் தொல்லை பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: மேற்பலகை உப்பும், தந்தி உயரும், பிரெட் மறுபடியும் பச்சை பூக்கும். அவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். சுமார் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு ஆராதனை முடித்துக் குளிரில் கொண்டுவந்த கிட்டாரை, ஆட்கள் நிறைந்த சூடான அறையில் உடனே திறந்தால் தந்தியிலும் பிரெட்டிலும் பனித்துளி அரும்பும். அரை மணி நேரம் பெட்டியை மூடியபடியே விட்டுவையுங்கள்.

எல்லாம் செய்தபின்னும் சுருதி சேரவில்லை

பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் மணியொலியையும், அதே பிரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பிசகினால் முதலில் தந்தியை மாற்றுங்கள். துருப்பிடித்த, அங்கங்கே தேய்ந்த தந்தி எந்தப் பிரெட்டிலும் நேராக ஒலிக்காது. புதுத் தந்தி போட்டு, இழுத்து நீட்டி, ஒரு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் அழுத்திய ஒலி கூர்ந்தே வந்தால், தந்தி விரற்பலகையிலிருந்து அதிகம் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அல்லது உடல்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சாடிலின் இடம் பிசகியிருக்கும். அது பிரெட்டின் வேலையல்ல. தினமும் வாசித்து முடித்தவுடன் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் உலர்ந்த துணியை நுழைத்து ஒரு முறை இழுத்துவிட்டால், அடுத்த சுத்தம் செய்யும் நாள் பல மாதம் தள்ளிப்போகும்.